மெட்டல் பாட்டில் யார் பேசுகிறார்கள்? வரிகளைப் படிக்க ஒரு முறை

மெட்டல் என்பது ராக் இசையின் முரட்டு வகை. ஒரு மெட்டல் பாட்டின் அரசியலை அறிய வேண்டுமென்றால், முதலில் ஒலியை நிறுத்திவிட்டு வரிகளைக் கையில் எடுங்கள். அல்பத்தின் உள்தாளில் குழுவே வரிகளை அச்சிட்டிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இணையத்தில் கிடைப்பவற்றில் ரசிகர்கள் காதால் கேட்டு எழுதியவை நிறைய உண்டு. அடித்தொண்டைக் குரலில் ஒரு சொல் மாறிக் கேட்டாலும் பொருள் கெட்டுவிடும். இரண்டு பிரதிகளையாவது ஒப்பிட்டுப் பார்த்து, இடப்பக்கம் நான்கு விரல் அகலம் வெறுமையாக விட்டு அச்சிடுங்கள். இனி வேலையெல்லாம் அந்த வெற்றிடத்தில்தான்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் விருப்பமுள்ள பிள்ளைகள் தங்கிவிடுவார்கள். நாங்கள் பாட்டு வாசிப்போம். எங்களுடைய முறை சங்கப் பாட்டிலிருந்து வந்தது. குறுந்தொகைப் பாட்டு ஒவ்வொன்றோடும் ஒரு சிறு குறிப்பு இருக்கும்: யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எந்த வேளையில் சொன்னது. அந்தக் குறிப்பைப் பாராமல் படித்தால் தோழியின் பேச்சைத் தலைவியின் பேச்சென்று எண்ணிவிடுவோம். மெட்டல் பாட்டுகளுக்கு அப்படியொரு குறிப்பை எழுதி வைத்தவர் எவருமில்லை. நாமே எழுதவேண்டும். சத்தத்தைக் கேட்டுப் பயந்து ‘வன்முறை’ என்று ஒதுக்குகிறவர்களும், வேகத்துக்காக மட்டும் கேட்கிறவர்களும் இந்தக் குறிப்பை எழுதிப் பார்த்தால் வேறொரு பாட்டைக் கேட்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழகுவதற்கு அயர்ன் மெய்டன் குழுவின் ‘ரன் டு த ஹில்ஸ்’ மிகப் பொருத்தமானது. 1982இல் வந்த பாட்டு. வட அமெரிக்கப் பழங்குடிகளின் நிலம் பறிபோன கதை. வரிகளில் ‘நாம்’, ‘அவன்’, ‘அவர்கள்’ எங்கெங்கே வருகின்றன என்று பென்சிலால் வட்டமிடுங்கள். முதற்பகுதியில் ‘நாம்’ என்பது க்ரீ மக்கள். கடல் கடந்து வந்த வெள்ளையன் எங்களைக் கொன்றான், வேட்டை விலங்குகளைத் தனதாக்கிக்கொண்டான், எதிர்த்துப் போரிட்டோம், ஆனால் அவர்கள் தொகை மிகுதி என்று அவர்கள் சொல்கிறார்கள். அடுத்த பகுதியில் குதிரைமேல் இருக்கும் படைவீரன் பேசுகிறான். புழுதி கிளப்பி வருகிறான், துரத்துகிறான், எதிரில் இருப்பவர்களை இழிவான பெயர் சொல்லிக் குறிக்கிறான். மூன்றாம் பகுதியில் இரு தரப்பிலும் சேராத ஒருவர் நின்று, பெண்களுக்கு நேர்ந்ததையும், மதுவைக் கொடுத்துப் பொன்னை எடுத்ததையும், முதியவர்கள் அழிக்கப்பட்டதையும் சொல்கிறார். நான்கு நிமிடத்துக்குள் மூன்று பேர் பேசிவிடுகிறார்கள்.

இப்போது ஒலியைத் திறந்து கேளுங்கள். க்ரீ மக்கள் பேசும்போது தாளம் நின்று நிதானித்து நடக்கிறது. படைவீரன் வாயைத் திறந்ததும் குதிரைப் பாய்ச்சல் தொடங்குகிறது. நம் கால் தானாகவே தாளம் போடுகிறது. போடுவது துரத்துகிறவனுடைய தாளம். ‘மலைகளுக்கு ஓடுங்கள்’ என்ற பல்லவி முதன்முறை அவன் பகுதிக்குப் பிறகே வருகிறது. அப்போது அது மிரட்டல் போல ஒலிக்கிறது. மூன்றாம் பகுதிக்குப் பிறகு அதே சொற்கள் அலறலாகிவிடுகின்றன. இதைக் கண்டுபிடிக்கும் மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் எல்லாப் புதிய குழுவுடனும் இந்தப் பாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

அடுத்த கேள்வி: யாரிடம் பேசுகிறார்கள்? பிளாக் சபாத் குழு 1970இல் பாடிய ‘வார் பிக்ஸ்’ பாட்டில் தளபதிகளும் அரசியல்வாதிகளும் கடுமையாகச் சாடப்படுகிறார்கள். போரைத் தொடங்கிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொள்கிறார்கள், சாவதற்கு ஏழைகளை அனுப்புகிறார்கள் என்கிறது பாட்டு. ஆனால் அவர்களைப் ‘படர்க்கை’யில் வைத்தே பேசுகிறது; தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடுகிறது. இதன் பக்கத்தில் புறநானூற்று 45ஆம் பாட்டை வைத்துப் படியுங்கள். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டு இருக்கிறான். இருவரும் சோழர்கள். கோவூர்கிழார் இருவரையும் முன்னிலையில் வைத்து, நீங்கள் இருவரும் சூடியிருப்பது ஆத்தி மாலைதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். அரசனின் முகத்துக்கு நேரே சொல்லும் சொல்லுக்கு இருக்கும் துணிவு வேறு. முதுகுக்குப் பின்னால் எழும் சாபத்துக்கு இருக்கும் ஆற்றாமை வேறு. பிளாக் சபாத் குழுவின் பர்மிங்ஹாம் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களுக்கு அரசவை வாசல் திறந்திருக்கவில்லை. அந்த ஆற்றாமையைக் குறையாக எண்ணாமல், பாட்டின் அரசியல் நிலையாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த வேளை என்பதை ஆண்டைப் பார்த்தே தீர்த்துவிடலாம். அயர்ன் மெய்டனின் ‘டூ மினிட்ஸ் டு மிட்நைட்’ 1984இல் வந்தது. அணுப்போர் அபாயத்தைக் காட்டும் ஊழிக்கால மணிக்கூட்டின் முள் அந்த ஆண்டு நள்ளிரவுக்கு மூன்று நிமிடத்தில்தான் நின்றது. இரண்டு நிமிடம் என்பது ஐதரசன் குண்டுச் சோதனைகளையடுத்து 1953இல் வைத்த கணக்கு. சிஸ்டம் ஆஃப் எ டவுன் குழு 2001இல் வெளியிட்ட ‘பிரிசன் சோங்’, அமெரிக்கச் சிறைகளில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் இருப்பதாகச் சொல்கிறது. அந்த ஆண்டின் நிலவரத்துக்கு அது பொருந்துகிறது. பாட்டு ஓர் எண்ணைச் சொன்னால் சரிபாருங்கள், அவ்வளவுதான்.

கடினமானது, பேசுகிறவர் தீர்ப்புச் சொல்லாத பாட்டு. ஸ்லேயர் குழுவின் ‘ஏஞ்சல் ஒஃப் டெத்’ (1986) அவுஷ்விட்ஸ் முகாமில் மெங்கலே என்ற மருத்துவன் கைதிகளின் உடலில் செய்த கொடூரங்களை அடுக்கிக்கொண்டே போகிறது. ‘இது தவறு’ என்று ஒரு முறைகூட நின்று சொல்வதில்லை. அதனால் அந்தக் குழுவை நாசி ஆதரவாளர்கள் என்றார்கள், அவர்கள் மறுத்தார்கள். இப்படிப்பட்ட பாட்டில் வினைச்சொற்களை மட்டும் பிரித்து எழுதுங்கள்: யார் செய்தது, யார்மீது செய்தது. கொடுமை செய்தவனுக்கு எத்தனை வரி, பட்டவர்களுக்கு எத்தனை வரி என்று பாருங்கள். பட்டவர்களுக்கு அந்தப் பாட்டில் பெயரில்லை. என் வரையில் அது பெருங்குறை. மாணவர்களில் சிலர் என்னோடு உடன்படுவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வதே போதும் என்பார்கள். அந்த வாதத்தை நடக்க விடுங்கள்.

கலப்புக் குழு அமைந்தால் இன்னும் நல்லது. எங்கள் மாணவர் ஒருவருடைய இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் சிங்களப் பையனும் வருவான். அவனுடைய அண்ணன் இராணுவத்தில் இருந்தவர். மெட்டாலிகாவின் ‘டிஸ்போசபிள் ஹீரோஸ்’ (1986) பாட்டை அவன்தான் கொண்டுவந்தான். இறந்துபோன படைவீரனுக்கு வயது 21, வீட்டுக்கு ஒரே மகன், ஆனாலும் ‘எமக்கு’ நன்றாகப் பணி செய்தான் என்று ஓரிடத்தில் வருகிறது. அந்த ‘எமக்கு’வைச் சுற்றி அவன் பென்சிலை அழுத்தி அழுத்தி வட்டமிட்டிருந்தான். “ரீச்சர், இது அம்மா அப்பா சொல்வதில்லை. அனுப்பியவர்கள் சொல்வது” என்றான். மேசையைச் சுற்றி இருந்த ஒருவரும் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும். பாட்டைப் பற்றிய குறிப்பைப் பென்சிலால் எழுதுங்கள். வாசிக்கையில் நமக்கு நினைவுக்கு வருவதை நீலப் பேனாவால் எழுதுங்கள். இரண்டையும் கலக்கவேண்டாம். மெட்டாலிகாவின் ‘வன்’ (1988) கைகால்களும் கண்ணும் செவியும் இழந்து படுத்திருக்கும் படைவீரனின் பேச்சு. டால்ட்டன் ட்ரம்போவின் 1939ஆம் ஆண்டு நாவலிலிருந்து பிறந்த பாட்டு. நாவலில் முதலாம் உலகப் போரின் பீரங்கிக் குண்டு; பாட்டில் கண்ணிவெடி. போர் நடந்த வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்த வரியில் நின்றுவிடுவார்கள். அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். பேனா நீலத்துக்கு மாறும் இடம் அதுதான்.

செபுல்டுரா குழுவின் ‘மேனிஃபெஸ்ட்’ (1993) இன்னும் நெருக்கமானது. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்துக் கரண்டிரு சிறையில் 1992 ஒக்டோபர் 2ஆம் திகதி 111 கைதிகள் கொல்லப்பட்டார்கள். பாட்டில் பேசுவது செய்தி வாசிப்பவர் போன்ற ஒரு குரல்: கிழமை, திகதி, சிறையின் பெயர் என்று தொடங்குகிறது. கொழும்பில் இதைக் கேட்கும் தமிழருக்கு 1983 ஜூலை 25, 27 என்ற இரண்டு நாள்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. கொழும்பு வெலிக்கடைச் சிறையில் முதல்நாள் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள், ஒருநாள் இடைவெளி விட்டு 18 பேர். பொரளைப் பக்கம் போகும் பஸ்ஸில் அந்த மதிலைக் கடக்கும்போது பேசாமல் இருந்துவிடும் பெரியவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பாட்டை வெலிக்கடைப் பாட்டு என்று சொல்லிவிடாதீர்கள். கரண்டிருவில் சுட்டது இராணுவப் பொலிஸ். வெலிக்கடையில் தாக்கியவர்கள் மற்றக் கைதிகள். முதல்நாள் கொலைக்குப் பிறகும் இரண்டாவது தாக்குதல் எப்படி நடந்தது என்ற கேள்வி வெலிக்கடைக்கே உரியது. இரண்டையும் ஒன்றாக்கினால் அந்தக் கேள்வி கரைந்துபோகும். அங்கே இறந்த 111 பேரும் நம் துயரத்துக்கு உவமையாக மட்டும் சுருங்கிப்போவார்கள்.

வாசித்து முடித்தவர்கள் எழுதவும் வேண்டும். தமிழில் எட்டு வரி போதும். ஆனால் பேசுகிறவர் நீங்களாக இருக்கக்கூடாது. குறிப்பை முதலில் எழுதிவிட்டுப் பாட்டைத் தொடங்குங்கள். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைப் பெண் இரவுப் பணி முடிந்து தாய்க்குத் தொலைபேசியில் சொன்னது; 1983 ஜூலை 26 இரவு வெலிக்கடைக் காவலர் ஒருவர் மனைவிக்குச் சொன்னது; இப்படி. பிறகு தாளம். ‘ரன் டு த ஹில்ஸ்’ பாட்டில் கேட்ட அந்தக் குதிரைப் பாய்ச்சல் ஒரு நீள ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் சேர்ந்தது. அதாவது யாப்பில் நேர் நிரை, நம்முடைய கூவிளம் என்ற சீர். காவலர், வாசலில், ஓடிய என்று கூவிளச் சீர்களாகத் தேர்ந்து அடுக்கினால் கிற்றாரின் மீது தமிழ் தடக்காமல் ஓடும். துரத்துகிறவர் பேசும் இடத்துக்கு இதை வைத்துக்கொண்டு, துரத்தப்படுகிறவர் பேசும் இடத்தில் தேமாவையும் புளிமாவையும் கலந்து நடையைத் தளர்த்துங்கள். எழுதியதை மேசையில் விரலால் தட்டித் தட்டி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இடறும் சீரை மாற்றிவிட்டு டிரம்ஸ் வாசிப்பவரிடம் கொடுங்கள்.