இரண்டாவது டவுனில் பதறும் கைகள்: தெற்கே போக நினைக்கும் கனடிய குவார்ட்டர்பேக்குகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்களில் ஆண்டுக்கு ஒருவனாவது, கனடிய ஃபுட்பாலை விட்டுவிட்டு அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றுக்குப் போகலாமா என்று கேட்பதுண்டு. ஒன்டாரியோவில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக வளர்ந்து, தெற்கே ஒரு சிறிய கல்லூரியில் இரண்டு பருவங்களைக் கழித்துத் திரும்பியவன் நான். ஆகவே போகாதே என்று யாரையும் தடுப்பதில்லை. ஆனால் நான் செய்த பிழைகளை அவர்கள் வரிசைகூட மாறாமல் செய்யும்போது சும்மா இருக்க முடிவதில்லை. உடம்பைத் தேற்றுவது, மதிப்பெண்களைக் கவனிப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது டவுனைக் கடைசி டவுனாக நினைப்பது

10 கெஜம் முன்னேறுவதற்குக் கனடாவில் மூன்று வாய்ப்புகள், அமெரிக்காவில் நான்கு; ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். இதை அறியாத பையன் கிடையாது. அறிந்திருப்பதாலேயே யாரும் இதற்கெனப் பயிற்சி எடுப்பதில்லை. கனடாவில் மூன்றாவது டவுன் வந்தால் பெரும்பாலும் பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவார்கள் என்பதால், குவார்ட்டர்பேக்கின் கையில் உண்மையில் இருப்பவை இரண்டே டவுன்கள்தான். முதல் எறிதல் தரையில் விழுந்துவிட்டால் அடுத்ததிலேயே 10 கெஜத்தையும் எடுத்தாக வேண்டும். 4 கெஜ தூரத்தில் ஆளரவமின்றி நிற்பவனுக்குப் பந்தைக் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பதினான்கு வயதிலிருந்து இப்படி ஆடியவனின் கண், இரண்டாவது டவுன் என்றதுமே அந்த 10 கெஜக் கோட்டுக்கு அப்பால் போய்விடுகிறது.

என் முதல் வசந்தகாலப் பயிற்சியில், இரண்டாவது டவுன், 8 கெஜம் பாக்கி என்ற நிலையில், இடப்புறம், பந்தை வாங்கி ஓடுகிற எங்கள் ரன்னிங் பேக் தனியாக நின்று கையைத் தூக்கினான். நான் அவனைப் பார்த்தேன். பார்த்த பிறகும், 12 கெஜ தூரத்தில் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவனுக்கே எறிந்தேன். அன்று காலையில் மூன்றாவது முறையாகப் பந்து பறிபோனது. பயிற்சியாளர் கத்தவில்லை. அருகில் வந்து, என் ஹெல்மெட்டின் கம்பிகளுக்கு முன்னால் விரல்களை நீட்டி, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் காட்டிவிட்டு அடுத்தவனை அழைத்தார். அந்தப் பருவம் முழுவதும் நான் பக்கக்கோட்டில்தான் நின்றேன்.

போன கோடையில் ஒரு பதினேழு வயதுப் பையன், அமெரிக்க விதிகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, களத்தில் இறங்கியதும் இதே காரியத்தைச் செய்தான். ஏன் என்று கேட்டால், 10 கெஜத்தைத் தாண்டி மறுபடி முதல் டவுன் வேண்டுமே என்கிறான். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் சொந்த ஊரில் அதே எறிதலுக்குக் கைதட்டல் விழும். அவனுக்கு இரண்டு வாரம் ஒரே பயிற்சியைத்தான் கொடுத்தேன்: இரண்டாவது டவுனில் கோட்டைத் தாண்டி எறியவே கூடாது, மூன்றாவதுக்கு 3 கெஜம் மீதம் வைத்தால் அதுவே வெற்றி. நான்காவது நாள் அவன் அழாத குறைதான்.

கனடியத் தொழில்முறை லீக் 2027 முதல் களத்தின் நீளத்தை 110 கெஜத்திலிருந்து 100 ஆகவும், இரு முனைகளிலும் உள்ள, புள்ளி எடுக்கும் பகுதிகளான எண்ட் ஸோன்களின் ஆழத்தை 20 கெஜத்திலிருந்து 15 ஆகவும் குறைப்பதாக அறிவித்த பிறகு, இனி இரண்டும் ஒரே ஆட்டம்தான் என்று சில பெற்றோர் என்னிடம் சொல்கிறார்கள். மூன்று டவுன்களில் லீக் கை வைக்கவில்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

வாரன் மூனை உதாரணம் காட்டுவது

எட்மன்டன் அணியில் 1978 முதல் 1982 வரை கனடிய லீக்கின் கிரே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்று, 1984-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் அணிக்குப் போய்க் கொடிகட்டிப் பறந்தவர் அவர். ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது லாஸ் ஏஞ்சலிஸில். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நான்கு டவுன்களோடு ஆடிய பிறகே வடக்கே வந்தார். பாஸ்டன் கல்லூரியில் ஆடிவிட்டு வடக்கே வந்த இன்னொரு குவார்ட்டர்பேக் டக் ஃப்ளூட்டியின் கதையும் அதுவே. அவர்கள் தாய்வீட்டுக்குத் திரும்பினார்கள், நம் பையன்கள் புகுந்த வீட்டுக்குப் போகிறார்கள்.

பழைய கணக்கில் கால் வைப்பது

கனடாவில் பின்வரிசையில் நிற்கும், எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் பலர் ஒரே நேரத்தில் முன்னோக்கி ஓடிவரலாம் என்பதால், ஸ்னாப் ஆகும், அதாவது பந்து பின்னால் குவார்ட்டர்பேக்கிடம் வரும் கணத்தில் அவர்கள் முழு வேகத்தில் இருப்பார்கள். அமெரிக்காவில் அந்தக் கணத்தில் ஒருவர் மட்டுமே நகரலாம், அவரும் முன்னோக்கி நகரக் கூடாது. நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறவன் திரும்பிப் பார்ப்பதற்குள், பழைய எண்ணிக்கையில் பின்வாங்கி எறிந்தவனின் பந்து அவன் முதுகில் போய் விழும்.

ஒரு கெஜத்தை இலவசமாக நினைப்பது

கனடாவில் தடுப்பு வரிசை பந்திலிருந்து ஒரு கெஜம் தள்ளி நிற்கும், அதனால் கடைசி ஒரு கெஜம் எளிதாகக் கிடைப்பதாகத் தோன்றும். அமெரிக்காவில் பந்தின் நீளம்தான் இடைவெளி.

துண்டு வீடியோ

கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குத் துண்டுகளை அல்ல, முழு ஆட்டத்தை அனுப்புங்கள்.

பெரிய கல்லூரிக்காகக் காத்திருப்பது

ஓக்வில்லில் பள்ளிக்குப் போன நேதன் ரூர்க், அலபாமாவில் ஒரு பள்ளியில் கடைசி ஆண்டை முடித்து, கன்சாஸில் இருக்கும் ஃபோர்ட் ஸ்காட் சமுதாயக் கல்லூரியில் ஆடிய பிறகுதான் ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். தெற்கே போனால் ஊர்க்கதவு மூடிவிடும் என்று அஞ்சுகிறவர்களும் அவரைப் பார்க்கலாம்: 2020-இல் கனடிய லீக்கின் வீரர் தேர்வில் பி.சி. லயன்ஸ் அவரை இரண்டாவது சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. 2023-இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில் அணிக்குப் போனவர், பல அணிகள் மாறி, 2024-இல் லயன்ஸுக்கே திரும்பினார்.

உதவித்தொகையை வாய்மொழியாக நம்புவது

அணியில் சேர வரலாம் என்பது ஒன்று, கல்லூரிச் செலவை ஏற்கிறோம் என்பது வேறொன்று. நான் முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு கிளம்பியவன். முதல் பருவத்தின் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்த அன்று அப்பா அதை இரண்டு முறை படித்தார்.