கதாபாத்திரச் சந்திப்பு வரிசைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீம் பார்க்குகளின் சிறப்பு இரவுகளுக்காக ஒவ்வோர் ஆண்டும் புதிய ஊழியர்கள் சேர்க்கப்படுகிறார்கள். மிக்கி எலியோ, 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' படத்தின் எலும்புக்கூடு ஜாக்கோ, ஸ்னோ ஒயிட் கதையின் ஏழு குள்ளர்களோ வந்து நின்று குழந்தைகளுடன் படம் எடுத்துக்கொள்ளும் இடங்களில், வரிசையைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் இவர்களிடமே வருகிறது. நாங்கள் இந்த வேலைக்கு வந்த புதிதில் எங்கெங்கே தடுமாறினோமோ அதே இடங்களில் இவர்களும் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன். சிரித்த முகத்துடன் நிற்க வேண்டும், கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பனவற்றை எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்குவதாக எண்ணுவது

அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில், வேடமணிந்து கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகையையொட்டி 1995 முதல் நடந்துவரும் விருந்தை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தனி நுழைவுச்சீட்டு உண்டு. அறிவிக்கப்பட்ட நேரம் இரவு 7 மணி முதல் நள்ளிரவு வரை. ஆனால் அந்தச் சீட்டு வைத்திருப்பவர்கள் மாலை 4 மணிக்கே உள்ளே வரலாம். அரிதாக வெளியே வரும் கதாபாத்திரங்களுக்கான வரிசை, விருந்து தொடங்குவதற்கு வெகு முன்பே உருவாகிவிடுகிறது. ஏழு குள்ளர்கள் எழுவரும் சேர்ந்து நிற்பதைக் காண இது போன்ற இரவுகளை விட்டால் வேறு வாய்ப்பு அரிது என்பது தெரிந்தவர்கள், நுழைந்ததும் நேராக அங்கேதான் போகிறார்கள்.

ஆகவே ஆறே முக்கால் மணிக்குத் தடுப்புகளை எடுத்துக்கொண்டு வருபவர், அதற்குள் தன் போக்கில் வளைந்து நெளிந்து அமைந்துவிட்ட ஒரு கூட்டத்தின் நடுவேதான் வந்து நிற்பார். மக்கள் தாமாக அமைத்துக்கொண்ட வரிசையைக் கலைத்து மறுபடி அமைப்பதைப்போல் சண்டைக்கு வழிவகுப்பது வேறொன்றும் இல்லை. நான்கு மணிக்கு முன்பே தடுப்புகள் நின்றாக வேண்டும். இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். பெரியவர்களும் வேடமணிந்து வர அனுமதிக்கப்படும் இரவு இது. சிறகும் அகன்ற பாவாடையும் அணிந்தவர்கள் நிற்கும் வரிசை, சாதாரண நாளின் வரிசையைவிடக் கணிசமாக அதிக இடத்தைப் பிடிக்கும்.

கைப்பட்டையை வரிசையின் முன்முனையில் சோதிப்பது

மாலை நான்கு மணிக்குப் பின் சிறிது நேரம் பகல் சீட்டுக்காரர்களும் விருந்துச் சீட்டுக்காரர்களும் கலந்தே இருப்பார்கள். விருந்துக்கு வந்தவர்களுக்குக் கைப்பட்டை கட்டப்பட்டிருக்கும். அதை வரிசையில் சேரும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். கதாபாத்திரத்தின் முன்னால் போய் நின்ற பிறகு பார்ப்பது, ஒரு குடும்பத்தை ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டுத் திருப்பி அனுப்புவதில்தான் முடியும்.

தலைகளை எண்ணுவது

வரிசையில் எத்தனை பேர் என்று வாக்கி-டாக்கியில் கேட்டால் புதியவர்கள் "எண்பது பேர்" என்பார்கள். அந்த எண்ணால் பயனில்லை. கதாபாத்திரத்தின் நேரத்தைச் செலவழிப்பது குழு. தனி மனிதர் அல்லர். நான்கு பேர் ஒன்றாக நின்று ஒரே படம் எடுத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதே நான்கு பேர் தனித்தனியாக, நான்கு கைபேசிகளில், நான்கு கையொப்பப் புத்தகங்களோடு வந்தால் ஐந்து நிமிடம் போய்விடும்.

ஒரு முறை நம் ஊர்க் குடும்பம் ஒன்று வந்தது. அண்ணன், தம்பி, இருவரின் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி என்று பதினொரு பேர். எல்லாரும் சேர்ந்து ஒரு படம், பிள்ளைகள் மட்டும் ஒரு படம், அண்ணன் குடும்பம் தனியாக, தம்பி குடும்பம் தனியாக என்று எடுத்து முடித்த பிறகு, பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு பாட்டி என்னிடம், "தம்பி, பேத்தியும் நானும் மட்டும் ஒண்ணு எடுத்துக்கிறோம்ப்பா" என்றார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை, மறுக்கவும் கூடாது. அவர்கள் வரிசையில் சேரும்போதே அதை ஒரு குழுவாக இல்லாமல் மூன்று குழுக்களாக எண்ணியிருந்தால் மறுக்க வேண்டிய அவசியமே எழாது. வரிசையில் ஒருவர் மட்டும் நின்று, பின்னால் பத்துப் பேர் வந்து சேரும் வழக்கமும் உண்டு. எனவே சேரும் ஒவ்வொருவரிடமும் "உங்களுடன் மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்பது பண்புக் குறைவு ஆகாது.

வரிசையை மூடத் தயங்குவது

இந்தத் தவறைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் இதைத் தவிர்ப்பதற்குத் தேவையானது ஒரு வகுத்தல் கணக்கும் சிறிது மனத்துணிவும் மட்டுமே.

கதாபாத்திரத்தின் நேரம் அளவானது. கனத்த வேடத்துக்குள் இருக்கும் கலைஞர் இடைவெளியின்றி நிற்க முடியாது; குறிப்பிட்ட நேரம் நின்றுவிட்டு உள்ளே சென்று நீர் அருந்தி ஓய்வெடுத்துத் திரும்ப வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒரு முறை வெளியே வந்தால் அரை மணி நேரம், குழு ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அந்த அரை மணியில் பதினைந்து குழுக்களைத்தான் பார்க்க முடியும். இன்னும் இரண்டு முறைதான் வருவார் என்றால் முப்பது குழுக்கள். முப்பத்தோராவது குழு வந்து நிற்கும் அந்தக் கணத்திலேயே, அவர்கள் இன்று கதாபாத்திரத்தைச் சந்திக்கப் போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அவர்களை நிற்க விடுவது, அவர்களின் மாலைப்பொழுதைக் கேளாமல் எடுத்துக்கொள்வதாகும்.

விருந்து ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, அதாவது 300 நிமிடம். ஒருவருக்கு 100 டாலருக்கு மேல் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதில் தொண்ணூறு நிமிடத்தை வீணாக நின்று கழித்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த நேரத்தில் அவர்கள் அணிவகுப்பைப் பார்த்திருக்கலாம், மிட்டாய் வாங்கியிருக்கலாம், வேறொரு கதாபாத்திரத்தைச் சந்தித்திருக்கலாம். இப்போதுதான் வந்து நிற்பவரிடம் "வரிசை மூடப்பட்டுவிட்டது" என்றால் அவர் இழப்பது நடந்து வந்த தூரத்தை மட்டும்தான்.

ஓர் அக்டோபர் இரவில் எலும்புக்கூடு ஜாக்கைக் காண ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வந்திருந்தான். கறுப்புக் கோட்டிலும் கால்சட்டையிலும் வெள்ளைக் கோடுகளுக்காக அவன் அம்மா துணி நாடாவை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்திருந்தார். நெடுநேரம் காத்திருந்த களைப்பில் அவன் தரையில் மண்டியிட்டு விளையாடியதால் முழங்காலில் இருந்த நாடாக்கள் பிரிந்து தொங்கின. அவர்களுக்கு முன்னால் எட்டுக் குழுக்கள் இருந்தபோது ஜாக் உள்ளே சென்றார். இனி வரமாட்டார் என்று அங்கிருந்த புதிய ஊழியர் சொன்னார். அந்தத் தாய் கத்தவில்லை. "நாங்கள் வந்து நின்றபோதே இது உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்பதுதான் உண்மை. வரிசை நீளமாகத் தெரிந்தால் கூட்டம் மகிழ்ச்சியாக இருப்பதாகத் தோன்றும், நிற்கட்டும் என்று மேற்பார்வையாளர் ஒருவர் சொல்லியிருந்தார். அவ்வாறு சொல்பவர்கள் அந்தத் தாயின் முன்னால் நிற்பதில்லை, நிற்பவர் நீங்கள்.

புதியவர்கள் தயங்குவதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆசையோடு ஓடிவரும் குழந்தையின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது கடினம். முன்னால் நிற்பவர்களில் சிலர் விலகிவிடுவார்கள், கலைஞர் கூடுதலாகப் பத்து நிமிடம் நிற்பார் என்ற நம்பிக்கையும் இருக்கும். முக்கால் மணி நேரம் நின்றுவிட்டவர்கள் எளிதில் விலகுவதில்லை. கலைஞரைக் கூடுதலாக நிறுத்துவதோ அவர் உடல்நலத்தைப் பணயம் வைப்பதாகும். இந்த விருந்துகள் தொடங்கிவிடும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதத்துப் புளோரிடாவில் இரவிலும் புழுக்கம் குறையாது.

கணக்கில் வருவதைவிட இரண்டு மூன்று குழுக்கள் குறைவாகவே வரிசையை மூடுங்கள். நேரம் மிஞ்சினால் கடைசிக் குழுக்களுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். பக்கத்தில் சுற்றிக்கொண்டிருப்பவர்களைக் கூப்பிட்டுச் சேர்க்காதீர்கள். சேர்த்தால், சொன்ன சொல்லை மதித்து விலகிப் போனவர்கள் ஏமாந்தவர்கள் ஆகிவிடுவார்கள். கடைசிக் குழுவிடம் அவர்களே கடைசி என்பதைச் சொல்லி, அவர்களுக்குப் பின்னால் பலகையுடன் ஓர் ஊழியர் நிற்க வேண்டும். யாராவது கேட்டால் பதில் சொல்லும் சுமையை அந்தக் குடும்பத்தின் தலையில் ஏற்றக் கூடாது. மூடிய மறுகணமே வாக்கி-டாக்கியில் தெரிவித்து, அறிவிப்புப் பலகையிலும் செயலியிலும் மாற்றச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பூங்காவின் மறுகோடியிலிருந்து நம்பி நடந்து வருபவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அரைகுறையான பதில் சொல்லாதிருப்பது. "சற்று நேரம் கழித்து வந்து பாருங்கள்", "வாய்ப்பு இருந்தாலும் இருக்கலாம்" என்றெல்லாம் சொன்னால், கேட்டவர் போகமாட்டார். நடைபாதை ஓரத்திலேயே நிற்பார். ஒருவர் நிற்பதைப் பார்த்து இன்னொருவர் நிற்பார். கால் மணி நேரத்தில் தடுப்புக்கு வெளியே, யாருக்கும் பொறுப்பில்லாத இரண்டாவது வரிசை ஒன்று முளைத்து வழியை அடைத்துக்கொள்ளும். முடிந்துவிட்டது, இந்தக் காரணத்தால் முடிந்துவிட்டது, இந்த நேரத்தில் இந்த இடத்தில் இன்னொரு கதாபாத்திரம் இருக்கிறது என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் தெரியாத காத்திருப்பும் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும் என்று மேலாண்மை அறிஞர் டேவிட் மெய்ஸ்டர் 1985-இல் எழுதினார். வரிசையின் கடைசியில் ஓர் இரவு நின்று பார்த்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

பெரிய பூங்காக்களும் இதில் திணறியிருக்கின்றன. 2013 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை, புளோரிடாவின் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவில் டிஸ்னி வில்லன்கள் எல்லாம் வரும் இரவு ஒன்றைச் சாதாரண நுழைவுச்சீட்டிலேயே நடத்தினார்கள். அரிய கதாபாத்திரங்களைக் காண எதிர்பார்ப்பை மீறிய கூட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, ஆகஸ்ட் 23 அன்று, அதே வகை இரவைத் தனிச் சீட்டு நிகழ்ச்சியாக மாற்றினார்கள். தனிச் சீட்டு வருபவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துமே தவிர, வந்தவர்கள் எல்லாரும் ஒரே வில்லனைத் தேடி ஓடுவதைக் கட்டுப்படுத்தாது. டிஸ்னியின் கலிபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் 2019-இல் தொடங்கிய 'ஊகி பூகி' என்ற ஹாலோவீன் விருந்தில் வேறு வழியைக் கண்டார்கள். அங்கே வில்லன்கள் மேடைகளில் நின்று பேசுகிறார்கள். மக்கள் மிட்டாய் வாங்கிக்கொண்டு அவர்களைக் கடந்து நடந்துகொண்டே இருக்கிறார்கள். அருகில் நின்று தனிப் படம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. படம் இல்லையே என்று வருந்துபவர்கள் உண்டு. இருந்தாலும் அந்தக் கதாபாத்திரத்தைப் பார்க்காமல் திரும்பும் குழந்தைகள் குறைவு என்பதால், மிக அதிகமாகத் தேடப்படும் கதாபாத்திரங்களுக்கு இதுவே சரியான முறை என்று நான் கருதுகிறேன்.

அணிவகுப்பு நேரத்தில் வரிசையைப் பார்த்து ஏமாறுவது

அணிவகுப்பு தொடங்கப்போகும் நேரத்தில் வரிசை சட்டென்று குறையும். அதைப் பார்த்துப் "பதினைந்து நிமிடம்தான்" என்று அறிவித்து வாசலைத் திறந்துவிடுகிறார்கள். அணிவகுப்பின் கடைசி வண்டி கடந்ததும் தெருவில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி வருவார்கள். அப்போது வரிசையின் வால் அணிவகுப்புத் தெருவுக்குள் நீண்டுவிடக் கூடாது.

ஒரே கதாபாத்திரம் இரண்டு இடங்களில்

ஒரு குழந்தையின் கண்ணில் இரண்டு மிக்கிகள் படவே கூடாது.

அழும் குழந்தையை முன்னே தள்ளுவது

தள்ளாதீர்கள், ஓரமாக நிற்க வைத்து, அடுத்த குழுவைப் பார்த்துப் பழகிய பின் அழைத்து வாருங்கள்.

தடுப்பை வாசலிலேயே தொடங்குவது

2008-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், தள்ளுபடி விற்பனைக்காகக் கடையின் கதவு திறந்தபோது பாய்ந்த கூட்டத்தில் ஓர் ஊழியர் மிதிபட்டு இறந்தார். அதற்குப் பின் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு கடைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நம் வேலைக்கும் அப்படியே பொருந்துகின்றன. வரிசைத் தடுப்பு வாசலை ஒட்டித் தொடங்கக் கூடாது. பின்னால் இருப்பவர்கள் தள்ளும் விசை முன்னால் இருப்பவர்களைச் சென்றடையாதபடி தடுப்பில் இடைவெளிகளும் திருப்பங்களும் வேண்டும். காத்திருப்பவர்களுக்கு நிலவரத்தை அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அழகாக இருக்கிறது என்பதற்காக நேர்கோட்டில் நூறடி நீளத்துக்குத் தடுப்பு வைப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும்.

2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இடேவான் பகுதியில், ஹாலோவீன் கொண்டாட்டத்துக்காகக் குறுகிய சந்து ஒன்றில் திரண்ட கூட்டத்தில் சிக்கி 159 பேர் இறந்தார்கள். அங்கே நுழைவுச்சீட்டும் இல்லை, அமைப்பாளரும் இல்லை; நம் பூங்காவில் இரண்டும் உண்டு. இருந்தாலும் ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் எந்தக் கூட்டமும் தன் கால்களின் கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கும். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் போக விரும்பினாலும் முடியாது. பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. கைகளைப் பக்கவாட்டில் நகர்த்த முடியாமல் மக்கள் நிற்பதைக் கண்டால், கதாபாத்திரத்தை உள்ளே அனுப்பிவிட்டுப் பின்பக்கத் தடுப்பைத் திறந்து, வாலிலிருந்து கூட்டத்தைக் கலைக்க வேண்டும். முன்னாலிருந்து கலைக்க முயன்றால் நெரிசல் கூடும். யாரையும் கேட்காமல் இதைச் செய்யும் அதிகாரம் வரிசையின் வாலில் நிற்கும் ஊழியருக்கு உண்டா என்பதை, அன்றைய பணி தொடங்குவதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.