லிக்டன்ஸ்டைன் போகலாமா? எல்லைக்கோட்டை அழித்துவிட்டுப் பாருங்கள்

சூரிச் பக்கம் குடியிருக்கும் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான். கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் முதல் இரண்டு நாள் ஏரி, அருவி என்று சுற்றுவார்கள். அப்புறம் சாப்பாட்டு மேசையில் மொபைலில் மேப்பைப் பெரிதாக்கிக்கொண்டு யாராவது கேட்பார்கள்: "இந்த லிக்டன்ஸ்டைன் பக்கத்துலதானே இருக்கு, ஒரு எட்டு போயிட்டு வந்துட்டா ஒரு நாடு கூடுதலா பாத்த கணக்கு ஆச்சுல்ல?"

இதற்கு நான் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்வதில்லை. ஆள் யார், என்ன கிழமை, கையில் எவ்வளவு நேரம் என்று பார்த்துத்தான் சொல்வேன். அந்தக் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன். ஐரோப்பாவின் மற்ற குட்டி நாடுகளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

முதல் சோதனை: அது ஒரு தனி நாடு என்பதை மறந்துவிடுங்கள். சுவிட்சர்லாந்தில் இன்னொரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் போவீர்களா?

லிக்டன்ஸ்டைன் மொத்தமே 160 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 40,000 பேர். நாடு முழுக்க 11 ஊராட்சிகள், அவ்வளவுதான். பேசுவது ஜெர்மன், செலவழிப்பது சுவிஸ் பிராங்க். 1924 முதல் சுவிட்சர்லாந்தோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கிறார்கள். ரைன் ஆற்றுக்கு மேற்கே சுவிட்சர்லாந்து, கிழக்கே இவர்கள். பஸ் பாலத்தைக் கடக்கும் நேரத்தில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தால் நாடு மாறியதே தெரியாது. சோதனைச்சாவடி கிடையாது, பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை. வேறொரு நாட்டுக்குள் நுழைந்த பரபரப்பு வேண்டும் என்று போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

இந்தச் சோதனைக்கு ஒரு நல்ல சாட்சி ஆற்றுக்கு இந்தப் பக்கமே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் புக்ஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வெர்டன்பெர்க் என்று ஒரு சின்ன இடம். ஒரு குட்டி ஏரி, அதன் கரையில் நூற்றாண்டுகள் பழைய மரவீடுகள், மேலே ஒரு கோட்டை. கோட்டைக்குள்ளும் போகலாம். வாடூஸ் கோட்டைக்குள் போக முடியாது, ஏனென்றால் அது இளவரசர் குடும்பம் குடியிருக்கும் வீடு. அழகு மட்டும்தான் கணக்கு என்றால் வெர்டன்பெர்க்கைத்தான் நான் சொல்வேன். ஆனால் இதுவரை என் விருந்தாளிகளில் ஒருவர்கூட "வெர்டன்பெர்க் போகலாமா" என்று கேட்டதில்லை. அது நாடு இல்லையே!

சரி, சோதனையில் லிக்டன்ஸ்டைன் தேறுமா? தலைநகரம் வாடூஸ் மட்டும் என்றால் என் கணக்கில் தேறாது. இந்தியாவிலிருந்து வரும் குழுச் சுற்றுலாப் பஸ்கள் சுவிட்சர்லாந்திலிருந்து ஆஸ்திரியா போகிற வழியில் இங்கே சற்று நேரம் நிறுத்துகின்றன. இறங்கி, ஒரு குட்டி டயர் ரயிலில் ஊரை ஒரு சுற்று சுற்றி, கோட்டையைக் கீழேயிருந்தே போட்டோ எடுத்து, காந்தம் ஒட்டிய பொம்மை வாங்கி, மறுபடி பஸ் ஏறிவிடுவார்கள். எப்படியும் அந்த வழியாகத்தான் போகிறீர்கள் என்றால் இறங்கிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. இதற்காகவே சூரிச்சிலிருந்து சார்கன்ஸ் வரை ஒரு மணி நேரம் ரயில், அங்கிருந்து அரை மணி பஸ், அதே மாதிரி திரும்ப என்று ஒரு நாளைச் செலவு செய்தால்தான் "இவ்வளவுதானா?" என்று முகம் தொங்கும். ஊரின் மையத்தெரு ஸ்டெட்லே. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம்.

இதற்கு விதிவிலக்காக ஒரு வகை ஆட்கள் உண்டு. என் மாமா பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தபால்தலை சேர்ப்பவர். லிக்டன்ஸ்டைன் 1912இலிருந்து சொந்தத் தபால்தலை வெளியிடுகிறது, சேகரிப்பவர்களிடம் அதற்கு எப்போதும் மவுசு. ஸ்டெட்லேவிலேயே தபால் அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவுக் கட்டணமும் இல்லை. இழுக்க இழுக்க வெளியே வரும் கண்ணாடிச் சட்டங்களில் தபால்தலைகள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு சட்டத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "மாப்ள, இதுல ரெண்டு எங்கிட்ட இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது மாமாவின் குரல் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. அவருக்கு வாடூஸ் மட்டுமே போதும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் மற்ற சோதனை எதுவும் வேண்டாம், கூட்டிப்போங்கள்.

நவீன ஓவியம் பிடித்தவர்களும் அந்த வகைதான். 2000ஆம் ஆண்டு திறந்த கலை அருங்காட்சியகம் வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கறுப்புப் பெட்டி. கிட்டே போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கறுப்புக் கான்கிரீட்டில் ஆற்றுக் கூழாங்கற்களைப் போட்டு இழைத்து மெருகேற்றியிருக்கிறார்கள். பச்சை, சிவப்பு, வெள்ளை என்று கற்கள் வெட்டுமுகத்தோடு மின்னும். எனக்கு உள்ளே இருப்பதைவிடச் சுவர்தான் பிடிக்கும் என்று சொன்னால் கலை தெரிந்தவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. இங்கும் தேசிய அருங்காட்சியகத்திலும் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள் ஒன்றுதான் தோதான நாள் என்றால் வாடூஸை அன்றோடு மறந்துவிடுங்கள்.

இரண்டாவது சோதனை: தலைநகரத்தைத் தாண்டி மேலே ஏற நேரம் இருக்கிறதா? என் பதில் பெரும்பாலும் இதில்தான் மாறும். வாடூஸிலிருந்து 21ஆம் எண் பஸ் ட்ரீசன்பெர்க் வழியாக மால்பூன் போகிறது. வளைந்து வளைந்து ஏறும்போது ரைன் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே விரியும். ட்ரீசன்பெர்க்கில் வெங்காய வடிவக் கோபுரம் வைத்த தேவாலயம் தென்படும். 1300 வாக்கில் மேற்கேயிருந்து வந்து குடியேறிய வால்சர் மக்களின் ஊர் அது. கீழே பள்ளத்தாக்கில் பேசும் பேச்சும் இவர்களுடையதும் வேறு. அதற்கு மேலே ஒரு சுரங்கப்பாதை. இந்தப் பக்கம் நுழையும்போது தெரிவது ரைன் சமவெளி, வீடுகள், தொழிற்சாலைகள். அந்தப் பக்கம் வெளியே வந்தால் மாடு மேயும் மலைப் பள்ளத்தாக்கு. பஸ்ஸில் வந்த பிள்ளைகள் அந்த இடத்தில்தான் மொபைலைக் கீழே வைப்பார்கள்.

மால்பூன் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சாரைஸுக்கு நாற்காலி லிஃப்ட் ஏறினால் 2,000 மீட்டர். மேலேயே உணவகம். முட்டி வலி உள்ளவர்கள் அங்கே உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம், நடக்கிறவர்கள் முகட்டுப் பாதையில் போகலாம். பனிச்சறுக்குக் காலத்துக்கும் கோடைக்கும் இடைப்பட்ட வாரங்களில் லிஃப்ட் ஓடாது, அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி இறங்கி வாடூஸில் எதிர்வீடுகூட மங்கலாகத் தெரியும். அதே நேரம் மால்பூனில் வெயில் அடிக்கும். கிளம்பும் காலையில் மலைமேல் இருக்கும் வெப்கேமராவைப் பார்ப்பது என் வழக்கம். கீழே மூட்டம், மேலே வெயில் என்றால் வாடூஸில் இறங்கி நேரத்தை வீணாக்காமல் நேராக மேலே போய்விடுவோம்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களுக்கு அதுதான் பாதிப் பயணம். இங்கத்திய உணவு கேஸ்க்னோப்ஃலே. தளர்வான மாவை ஓட்டைத் தட்டில் தேய்த்துக் கொதிநீரில் சொட்டுச் சொட்டாக விழவைப்பார்கள். வெந்ததை அள்ளி, அடுக்கடுக்காகச் சீஸ் தூவி, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஆப்பிள் மசியல். இனிப்பும் உப்புமாக இது என்ன கூட்டணி என்று சித்தி முதலில் முகம் சுளித்தார். பிறகு ஆப்பிள் மசியலை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். இறைச்சி கிடையாது, ஆனால் மாவில் முட்டை உண்டு. முட்டை சேர்க்காதவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தட்டு 20 பிராங்குக்கு மேல்தான். நாலு பேர் குடும்பம் என்றால் புளியோதரை கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம், மால்பூனில் உட்கார்ந்து சாப்பிட இடத்துக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது சோதனை: அதே நாளில் வேறு எதை விடுகிறீர்கள்? சுவிட்சர்லாந்தில் மொத்தம் நாலே நாள்தான் என்றால் ஒன்றை லிக்டன்ஸ்டைனுக்குக் கொடுக்காதீர்கள். யுங்ஃப்ராவ் மலைப் பக்கமோ லூட்சர்ன் நகரமோ பாருங்கள். ஒரு வாரம், பத்து நாள் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். சுவிஸ் டிராவல் பாஸ் கையில் இருந்தால் லிக்டன்ஸ்டைன் பஸ்ஸுக்கும் அதுவே செல்லும், தனிச் செலவு இல்லை. விசாவும் தனியாகத் தேவையில்லை, 2011 டிசம்பரிலிருந்து அவர்களும் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரும் ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

போவது என்று முடிவானால் நாளை நான் அடுக்கும் முறை இது. காலையிலேயே சார்கன்ஸ் போய், 11ஆம் எண் பஸ்ஸில் வாடூஸ், உடனே 21இல் மால்பூன். மதியம்வரை மேலே. இறங்கி வந்து வாடூஸில் ஒரு மணி நேரம், ஒரு காபி. அதன்பிறகு பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் ஆற்றை நோக்கி நடங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பழைய மரப்பாலம் வரும். 1901இல் கட்டியது, 135 மீட்டர் நீளம், கூரை போட்டது, கார்களுக்கு அனுமதி இல்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான். உள்ளே அரையிருட்டு. காலடியில் பலகை சத்தமிடும், இடுக்கில் ரைன் சாம்பல் பச்சையாக ஓடுவது தெரியும். நடுப்பகுதியில் இரண்டு நாட்டுச் சின்னங்களும் இருக்கும். பிள்ளைகள் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பெரியவர்களும்தான். நாடு மாறும் உணர்வு இந்தப் பயணத்தில் எங்காவது கிடைக்கும் என்றால் அது இங்கேதான். மறுகரையில் செவெலென். ஊருக்குள் நடந்தால் ரயில் நிலையம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் சார்கன்ஸ் வந்து சூரிச் ரயிலைப் பிடிக்கலாம்.

வாடூஸ் சுற்றுலா அலுவலகத்தில் சில பிராங்க் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டில் நினைவு முத்திரை குத்துவார்கள். என் கருத்து: பாஸ்போர்ட் அரசாங்க ஆவணம், அதில் விளையாட வேண்டாம். ஒரு குறிப்பேட்டை நீட்டுங்கள், அதிலும் குத்துவார்கள்.

தேதியை உங்கள் இஷ்டப்படி அமைத்துக்கொள்ள முடியுமானால் ஆகஸ்ட் 15ஐப் பாருங்கள். நம் சுதந்திர தினம் அவர்களுக்குத் தேசிய நாள். கோட்டைத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள் அது, இரவில் வாணவேடிக்கையும் உண்டு. அன்றைக்கு மட்டும் வாடூஸ் தனியாகவே தேறிவிடும். கூட்டம் இருக்கும், பஸ் நெரியும்.

இதே சோதனைகளை மற்ற குட்டி நாடுகளுக்கும் போட்டுப் பாருங்கள். வாட்டிகன் பற்றி யோசிக்கவே வேண்டாம், ரோம் போகிறவர்கள் எப்படியும் போவார்கள். மொனாக்கோ நீஸிலிருந்து ரயிலில் அரை மணிகூட ஆகாது. கடல் அருங்காட்சியகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மற்றபடி பணக்காரர்களின் படகுகளை வேடிக்கை பார்ப்பதுதான், அரை நாள் போதும்.

சான் மரினோ எல்லைக்கோட்டை அழித்தாலும் தேறும். இத்தாலியின் ரிமினியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மொத்த நாடே 61 சதுர கிலோமீட்டர். 700 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் ஒற்றை மலை, முகட்டில் வரிசையாக மூன்று கோபுரங்கள். வானம் தெளிவாக இருந்தால் அட்ரியாட்டிக் கடல் தெரியும். கீழே போர்கோ மஜ்ஜோரேவிலிருந்து கேபிள் காரில் ஏறினால் சில நிமிடம்தான். வாசனைத் திரவியமும் பொம்மை வாளும் விற்கும் கடைகளைக் கண்டு மனம் தளராதீர்கள். முதல் கோபுரத்திலிருந்து இரண்டாவதுக்கு மலைமுகட்டிலேயே நடந்து போங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்கள். பகல் கூட்டம் மாலையில் ரிமினிக்கே திரும்பிவிடும்.

ஆண்டோராவில் மட்டும் ஒரு சிக்கல். அது ஷெங்கனில் இல்லை, சொந்த விமான நிலையமோ ரயிலோ கிடையாது. ஸ்பெயின் அல்லது பிரான்ஸ் வழியாகத்தான் நுழைய வேண்டும், வெளியேறுவதும் அப்படியே. அதாவது உள்ளே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்ப வர வழியில்லாமல் மாட்டிக்கொள்வார்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பல நுழைவு கேளுங்கள். கிடைத்தது ஒற்றை நுழைவுதான் என்றால் பார்சிலோனாவிலேயே இருந்துவிடுங்கள், அங்கே ஒரு வாரத்துக்குப் பார்க்க இருக்கிறது.