தமிழ்ப்பள்ளிப் பதாகைக்குப் பலூ தம்பி 2: உருண்டை எழுத்துக்கு வெள்ளை விளிம்பு இடும் முறை

பினாங்கில் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கோ பாலர் பள்ளி ஆண்டு விழாவுக்கோ பதாகை செய்து தரும்போது, தடித்த வெள்ளை விளிம்பு சூழ்ந்த வண்ண எழுத்தைத்தான் பலரும் விரும்பிக் கேட்கிறார்கள். அதற்கு நான் முதலில் எடுப்பது மும்பையின் ஏக் டைப் நிறுவனம் வெளியிட்ட பலூ தம்பி 2 எழுத்துருவை. இது திறந்த உரிமத்தில் கிடைப்பதால் வணிகப் பணிகளுக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். உரோமன் எழுத்துகளும் இதிலேயே இருப்பதால், பதாகையின் மலாய் வரிக்கு வேறொரு எழுத்துருவைத் தேட வேண்டியதில்லை.

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்திலிருந்து பதிவிறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். வடிவமைக்க இன்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளையே பரிந்துரைக்கிறேன். அது இலவசம், ‘கொ’, ‘போ’ போன்றவற்றில் கொம்பும் காலும் தாமாகவே உரிய இடத்தில் அமையும். அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால், பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளை வரியில் அடுக்கும் முறையை) தேர்ந்தெடுங்கள்.

இந்த எழுத்துருவில் ஐந்து தடிமன்கள் உள்ளன. ‘ண’, ‘ஞ’ போன்ற சுழி மிகுந்த எழுத்துகள் தலைப்பில் இருந்தால், எக்ஸ்ட்ரா போல்டை விட்டு போல்டை எடுப்பதே நல்லது. தொலைவிலிருந்து பார்த்தாலும் சுழிகள் அடைபடாமல் தெரியும்.

விளிம்பு இடும் இடத்தில் நிதானம் தேவை. ‘ஓட்டப் போட்டி’ என்று தட்டச்சு செய்து 6 மில்லிமீட்டர் விளிம்புக் கோடு (ஸ்ட்ரோக்) கொடுத்தால், அதில் 3 மில்லிமீட்டர் எழுத்துக்கு உள்ளேயே விழுகிறது; அதனால் ‘ட்’, ‘ப்’ ஆகியவற்றின் புள்ளிகள் கடுகாய்ச் சிறுத்துவிடும், ‘ஓ’வின் சுழியும் தன் வடிவத்தை இழக்கும். ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகத்தைத் திறந்து, ஸ்ட்ரோக் ஸ்டைல் பகுதியில் ஆர்டர் என்னும் வரிசையை மாற்றி, கோடு எழுத்தின் நிறத்துக்குப் (ஃபில்) பின்னால் போகும்படி செய்யுங்கள். உள்ளே விழுந்த பாதி மறைந்து எழுத்து முழுமையாகத் தெரியும். வெளியே தெரிவது கோட்டின் பாதி அகலமே என்பதால், வேண்டிய அளவைப் போல இரு மடங்கு கொடுங்கள். அதே பகுதியில் ஜாயின் என்பதை ரவுண்ட் என வையுங்கள். இல்லையேல் மூலைகளில் முள் முளைத்து, இந்த எழுத்துருவின் குழைவே கெட்டுப்போகும்.

தலைப்பு இரண்டு வரியானால் வரி இடைவெளியைத் தாராளமாகக் கூட்டுங்கள். மேல் வரியின் ‘கு’, ‘மூ’ ஆகியவற்றின் வால்கள் கீழ் வரியின் புள்ளிகளோடு மோதக் கூடாது.

அச்சகத்துக்கு அனுப்புமுன் ஆப்ஜெக்ட் டு பாத் கட்டளையால் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிடுங்கள். அங்குள்ள கணினியில் இந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பதாகை மாறாது. மாற்றிய பின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத பிரதி ஒன்றைத் தனியே சேமித்து வையுங்கள்.

பின்சேர்க்கை: பழைய நிகழ்ச்சி நிரலிலிருந்து ஒட்டிய வரிகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவதாக வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அவை பாமினி போன்ற, ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்டவை. எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை. ஒருங்குறி மாற்றியில் இட்டு மாற்றலாம். சில வரிகள் மட்டுமே என்றால், முரசு அஞ்சல் விசைமுகத்தில் மீண்டும் தட்டச்சு செய்வதே விரைவானது.