சுண்டல் விற்று மருத்துவமனைக்கு நிதி: பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

பணம் யாருக்குப் போகிறது என்பதை முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் பள்ளியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்காகத் திரட்டுகிறோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொதுமக்களிடம் நிதி திரட்டி 1954இல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. காலை வழிபாட்டில் இதைச் சொன்னால், மதியத்துக்குள் எட்டாம் வகுப்பு ஆளுக்கொரு யோசனையோடு வந்து நிற்கும்.

தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் ஒப்புதல், மருத்துவமனைக்கு ஒரு கடிதம். மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

நன்றாகக் கைகொடுப்பது சுண்டல் கடைதான். அறிவியல் கண்காட்சி, விளையாட்டு விழா என்று பெற்றோர் வரும் நாளில் போடுங்கள். ஒரு கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்தால், வெந்தபின் சிறிய பேப்பர் கப்பில் சுமார் 30 கப் வரும். கடலையையும் எண்ணெயையும் பெற்றோர் கொடுத்துவிட்டால் விற்பதெல்லாம் நிதிக்கே. தேங்காயை மொத்தமாகக் கலந்துவிடாதீர்கள், வெயிலில் கெட்டுவிடும். விற்கும்போது மேலே தூவினால் போதும். மாங்காய் கிடைக்கிற மாதமென்றால் துருவிப் போடுங்கள், இரண்டாவது கப் கேட்பார்கள். விலை பத்து ரூபாய். டோக்கனை முன்கூட்டியே விற்றுவிட்டால் சில்லறைத் தொல்லை இல்லை, சின்னப் பிள்ளைகள் கையில் காசும் புரளாது.

பழைய பேப்பர் சேகரிப்பும் நல்லது. வீட்டில் காசு கேட்க முடியாத பிள்ளையும் ஒரு கட்டுப் பேப்பரோடு வந்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று வகுப்பில் வாசிக்காதீர்கள், அதிகம் கொண்டுவந்தவருக்குப் பரிசும் வேண்டாம். வெறுங்கையோடு வந்த பிள்ளையின் முகம் சுருங்குவதைப் பார்த்தவள் நான். உண்டியலை அலுவலக வாசலில் வையுங்கள், போடுகிறவர் போடட்டும். பிள்ளைகளைத் தெருத்தெருவாக உண்டியலோடு அனுப்பவே கூடாது.

அன்று மாலையே எண்ணிவிடுங்கள். இரண்டு ஆசிரியர்கள், ஒரு பெற்றோர், இரண்டு மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து, எந்த நோட்டு எத்தனை என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். நாணயங்களை நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வங்கியில் வேலை சீக்கிரம் முடியும். அப்புறம் வரைவோலையாகவோ காசோலையாகவோ மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

பெரிய தொகை தரும் பெற்றோருக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால், பள்ளியிடம் தராமல் மருத்துவமனைக்கே பான் எண்ணோடு நேரடியாகச் செலுத்தச் சொல்லுங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது.

ரசீது வந்ததும் நகலெடுத்து, வரவு செலவுக் கணக்கோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் கூட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.