சிசா தேர்வை மறுபடி எழுதப் போகிறவர்களுக்கு

சிசாவில் (CISA, கணினி அமைப்புகளை ஆடிட் செய்கிறவர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு) ஃபெயில் ஆனவர்களில் பெரும்பாலோர் அடுத்த வாரமே செய்யும் காரியம், பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பிப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். ஐ.டி. ஆடிட்டிலோ சிஸ்டம்ஸிலோ சில வருடம் வேலை பார்த்தவர் இந்தத் தேர்வில் தவறினால், பாடம் தெரியாமல் தவறுவது குறைவு. தெரிந்த விஷயத்தில் தவறான விடையைத் தேர்ந்தெடுத்துத் தவறுவதுதான் அதிகம். நானும் மறுபடி எழுதித் தேறிய ஆள்தான். இப்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் மறுபடி எழுதும்போது, அவர்களோடு உட்கார்ந்து தவறிய கேள்விகளைப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். அப்படிப் பார்த்ததில் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்கோர் ரிப்போர்ட். தேர்வு முடிந்ததும் திரையில் வருவது முதற்கட்ட முடிவு. அதிகாரபூர்வமான ஸ்கோரை, தேர்வை நடத்தும் அமைப்பான ஐசாகா (ISACA) 10 வேலை நாட்களுக்குள் மின்னஞ்சலில் அனுப்பும். அளவுகோல் 200 முதல் 800 வரை, தேர்ச்சிக்கு 450. இதைப் பார்த்ததும் 450-ஐ 800-ஆல் வகுத்து, ‘56 சதவீதம் போதுமா’ என்று கேட்கிறவர்கள் உண்டு. இது சதவீதமே இல்லை. சரியாக எழுதிய கேள்விகளின் எண்ணிக்கையை ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றித் தருகிறார்கள், அவ்வளவுதான். அதனால் 435 எடுத்தவர் ‘இன்னும் எத்தனை கேள்வி சரியாகியிருந்தால் தேறியிருப்பேன்’ என்று கணக்குப் போடுவதில் பலன் இல்லை.

அதே ரிப்போர்ட்டில் ஐந்து டொமைனுக்கும், அதாவது பாடப்பிரிவுக்கும், தனித்தனி ஸ்கோர் இருக்கும். உபயோகமானது அதுதான். ஆனால் எடையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட்டிலிருந்து நடப்பில் உள்ள பாடத்திட்டத்தில் ஆடிட் செயல்முறைக்கு 18 சதவீதம், ஐ.டி. நிர்வாகத்துக்கு 18, மென்பொருள் வாங்குவது–உருவாக்குவதற்கு 12, ஆபரேஷன்ஸும் தொழில் மீள்திறனும் 26, தகவல் பாதுகாப்பு 26. மொத்தம் 150 கேள்விகள் என்பதால் மூன்றாவது டொமைனில் 18 கேள்விதான். நான்கும் ஐந்தும் சேர்ந்தால் 78. மூன்றில் 380, ஐந்தில் 420 என்று ரிப்போர்ட் சொன்னால் எல்லோரும் 380-ஐப் பார்த்துப் பதறி மூன்றில் போய் உட்காருவார்கள். நான் ஐந்தில்தான் உட்காரச் சொல்வேன். அங்கே கொஞ்சம் ஏறினாலும் மொத்தத்தில் அதிகம் தெரியும். அப்புறம், கையில் இருக்கும் புத்தகம் பழைய பதிப்பா என்றும் பாருங்கள். முந்தைய பாடத்திட்டத்தில் முதல் டொமைனுக்கு 21 சதவீதம், நான்காவதற்கு 23. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நேரத்தைப் பங்கு போட்டால் தப்பாகிவிடும்.

எப்போது மறுபடி எழுதலாம்? முதல் தடவை தவறினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டாவது தவறினால் 90 நாள், மூன்றாவதற்கும் 90. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் நான்கு தடவைக்கு மேல் முடியாது. ஒவ்வொரு தடவையும் முழுக் கட்டணம்: ஐசாகா உறுப்பினருக்கு 575 டாலர், மற்றவர்களுக்கு 760. நேரே முப்பத்தோராம் நாள் எழுதப் போகிறேன் என்று கிளம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எப்படிப் படிப்பது என்பதையே மாற்றுவதற்கு அந்த இடைவெளி போதாது. ஆறு மாதம் தள்ளிப் போடுவதும் வேண்டாம், படித்தது ஆறிப் போய்விடும். முதல் தடவை தவறியவர் என்றால் இரண்டு மாதத்தை ஒட்டி ஒரு தேதியை முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள். தேர்வுக்கு 48 மணி நேரம் முன்பு வரை கட்டணமில்லாமல் தேதியை மாற்றலாம் என்பதால் பயப்பட ஒன்றும் இல்லை.

கேள்வியில் நீங்கள் யார்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதிரிக் கேள்வி. இது நான் எழுதியது.

பயனர் அனுமதிகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர், ஒரு புரோகிராமருக்கு புரொடக்‌ஷன் சிஸ்டத்தில் (நிஜ வேலை ஓடும் சிஸ்டம்) எழுதும் உரிமை இருப்பதைக் காண்கிறார். அவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? (அ) அந்த உரிமையை உடனே நீக்கச் சொல்வது. (ஆ) ஈடுகட்டும் கன்ட்ரோல் (அந்த ரிஸ்க்கை வேறு வழியில் குறைக்கும் ஏற்பாடு) ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. (இ) அறிக்கையில் ஃபைண்டிங்காக, அதாவது கண்டுபிடித்த குறையாக, எழுதுவது. (ஈ) ஐ.டி. துறைத் தலைவரிடம் தெரிவிப்பது.

சிஸ்டம் அட்மினாக இருந்து ஆடிட்டுக்கு வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் (அ)-வைத் தொடுவார்கள். ஓட்டையைப் பார்த்தால் கை பரபரக்கும், அது தொழில் பழக்கம். வெளி ஆடிட் நிறுவனத்தில் பழகியவர்கள் (இ)-க்குப் போவார்கள், அவர்களுக்கு எல்லாமே அறிக்கைதான். விடை (ஆ). சின்ன டீமில் புரோகிராம் எழுதுவது, ஓடும் சிஸ்டத்தைப் பார்ப்பது என்ற இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்க நேரலாம். அப்படி இருக்கும்போது அவர் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் லாகில் பதிவாகி, வேறொருவர் அதைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார் என்றால் ரிஸ்க் எவ்வளவு என்பதே மாறிவிடுகிறது. அது தெரியாமல் நீக்கச் சொல்வதும் எழுதுவதும் மேலே சொல்வதும் அவசரம். நான்கு விடையுமே நிஜ வாழ்க்கையில் யாராவது செய்யக்கூடியவைதான். கேள்வி கேட்பது வரிசையை.

‘முதலில்’ என்று கேட்டால் வரிசை. ‘மிகச் சிறந்தது’ என்று கேட்டால், நான்கும் உதவும், எது ரிஸ்க்கை நேரடியாகத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். ‘மிகப் பெரிய கவலை’ என்று கேட்டால், எது நடந்தால் மற்ற மூன்றும் அர்த்தமற்றுப் போகும் என்று தேட வேண்டும். இந்த ஒரு சொல்லைத் தாண்டிக்கொண்டு ஓடுவதில்தான் நன்றாகப் படித்தவர்கள்கூட விழுகிறார்கள். கூடவே, கேள்வியில் யார் செயல்படுகிறார் என்பதையும் பாருங்கள். ஆடிட்டர் என்றால் அவர் ஃபயர்வால் விதியை மாற்ற மாட்டார், பாலிசி எழுத மாட்டார், கன்ட்ரோலை வடிவமைக்க மாட்டார். வடிவமைத்தால் பிறகு அதையே ஆடிட் செய்யும் சுதந்திரம் போய்விடும். இந்த ஒன்றை வைத்தே பல கேள்விகளில் இரண்டு விடைகளை அடித்துவிடலாம்.

தவறு நோட்டு

ஒரு நோட்டு போடுங்கள். எக்செல் வேண்டுமென்றால் எக்செல். தவறாகப் போன ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. சரியான விடையை அதில் எழுதாதீர்கள், எழுதினால் மனப்பாடம்தான் ஆகும். ஏன் அந்தத் தப்பான விடை பிடித்தது என்பதை எழுதுங்கள். எங்கள் டீமில் ஒருவருடைய நோட்டில் இப்படி இருந்தது: ‘என் ஆபீஸில் இப்படித்தான் செய்வோம் என்பதால் எடுத்தேன்.’ ‘முதலில் என்ற சொல்லைக் கவனிக்கவில்லை.’ ‘இரண்டு விடையில் எது என்று தெரியவில்லை, நீளமானதை எடுத்தேன்.’ ‘வேரியபிள் சாம்ப்ளிங் என்றால் என்ன என்று உண்மையிலேயே தெரியாது.’

இரண்டு வாரம் கழித்து அந்தக் காரணங்களை எண்ணிப் பார்த்தால், மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும். அவருக்கு ‘என் ஆபீஸில் இப்படித்தான்’ என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அனுபவசாலிகளின் வியாதி அது. அவர் படிக்க வேண்டியது புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. தன் அலுவலக வழக்கத்தைத் தேர்வு அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் போகப் பழக வேண்டியிருந்தது. கடைசி வகை, அதாவது உண்மையாகவே தெரியாதது, அதற்கு மட்டும் புத்தகத்துக்குப் போங்கள். குறிப்பிட்ட அந்தப் பக்கங்களுக்கு மட்டும்.

அப்படிப் போக வேண்டியவை எவை என்று கேட்டால், நான் அடிக்கடி பார்க்கிறவை இவை: சாம்ப்ளிங், அதாவது மாதிரி எடுத்துச் சோதிப்பது (கன்ட்ரோல் இயங்குகிறதா என்பதற்கு ஆட்ரிபியூட், தொகை சரியா என்பதற்கு வேரியபிள்), டிஜிட்டல் கையொப்பம் (அனுப்புகிறவர் தன்னிடம் மட்டும் இருக்கும் பிரைவேட் கீயால் போடுவது, ஆளையும் செய்தி மாறாததையும் உறுதி செய்யும், ரகசியத்தைக் காக்காது), பயோமெட்ரிக்கில் தவறாக ஏற்பதும் தவறாக மறுப்பதும், அப்புறம் ஆர்.டி.ஓ. (RTO, விழுந்த சிஸ்டம் எவ்வளவு நேரத்துக்குள் எழ வேண்டும் என்ற இலக்கு), ஆர்.பி.ஓ. (RPO, எவ்வளவு நேர டேட்டா வரை தொலையலாம் என்ற இலக்கு). கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் வரையறை தெரிந்தவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள்.

ஒரு ஆர்டர் எடுக்கும் சிஸ்டம் மதியம் 3 மணிக்கு விழுகிறது என்று வையுங்கள். கடைசி பேக்கப் இரவு 1 மணிக்கு. நிர்வாகம் வைத்திருக்கும் ஆர்.பி.ஓ. 1 மணி நேரம், ஆர்.டி.ஓ. 4 மணி நேரம். ஆர்.டி.ஓ. என்பது விழுந்த நேரத்திலிருந்து முன்னோக்கி எண்ணுவது: இரவு 7 மணிக்குள் சிஸ்டம் எழுந்திருக்க வேண்டும். ஆர்.பி.ஓ. பின்னோக்கி எண்ணுவது: 2 மணி வரையிலான டேட்டாவாவது கையில் இருக்க வேண்டும். இங்கே இருப்பதோ 1 மணி, அதுவும் நள்ளிரவு தாண்டிய 1 மணி. 14 மணி நேர ஆர்டர்கள் போய்விட்டன. இப்போது ‘ஆடிட்டர் பரிந்துரைக்க வேண்டியது எது’ என்று கேட்டு, ஹாட் சைட் (உடனே ஓடத் தயாராக இருக்கும் மாற்றுக் கணினி மையம்) என்று ஒரு விடை வைப்பார்கள். கவர்ச்சியான விடை, விலை உயர்ந்த விடை. ஆனால் ஹாட் சைட் இருந்தால் சீக்கிரம் எழுந்திருக்கலாம், தொலைந்த 14 மணி நேரம் திரும்ப வராது. டேட்டாவை அடிக்கடி வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஏற்பாடுதான் இங்கே விடை. தாளில் இப்படி ஒரு நேரக்கோடு வரைந்து நாலைந்து கேள்வியைப் போட்டுப் பார்த்தால், பிறகு இந்த விஷயத்தில் குழப்பமே வராது.

ஐசாகாவின் கேள்வித் தொகுப்பை வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டாவது சுற்றில் அதே கேள்விகளுக்கு 90 சதவீதம் வருகிறது என்றால் அதற்கு மதிப்பே இல்லை, கண்ணுக்கு விடை பழகிவிட்டது. விளக்கத்தைத் திறக்கும் முன் மற்ற மூன்றும் ஏன் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் நோட்டில் ஏற்றுங்கள். ‘நிஜத் தேர்வுக் கேள்விகள்’ என்று யாராவது அனுப்பினால் தொடாதீர்கள். பிடிபட்டால் ஸ்கோர் போய்விடும் என்பது ஒரு பக்கம். நேர்மையைச் சோதிக்கிற தொழிலுக்குள் அப்படி நுழைவது எனக்கு அசிங்கமாகவே படுகிறது. அதில் வரும் விடைகளும் பாதி தப்பு.

தேர்வன்று

150 கேள்விக்கு 4 மணி நேரம், ஒரு கேள்விக்கு 96 நொடி. ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரம் பார்க்க வேண்டாம். 50 கேள்விக்கு 75 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் கடைசியில் 15 நிமிடம் மிஞ்சும், குறி வைத்துத் தாண்டியவற்றுக்கு அது போதும். நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். குறி வைக்கும்போதே ஒரு விடையைத் தேர்ந்துவிட்டு நகருங்கள். திரும்பி வந்து மாற்றுவதென்றால், கேள்வியில் முதலில் கவனிக்காத ஒரு சொல்லைக் கண்டால் மட்டும் மாற்றுங்கள். சும்மா சந்தேகம் என்பதற்காக வேண்டாம். இடையில் எழுந்து போனாலும் கடிகாரம் நிற்காது.

வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதுகிறவர்கள் மேஜையைத் துடைத்து வைத்தால் மட்டும் போதாது. கேள்வியை உதடு அசைத்துப் படிக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள். மேற்பார்வையாளர் குறுக்கிடுவார், கவனம் கலைந்துவிடும். மற்ற மூன்று விடைகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொன்னேன் அல்லவா, கடைசி வாரம் அதையும் மனதுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். மையத்துக்குப் போய் எழுதும் வசதி இருந்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நெட் போனால் யார் பொறுப்பு என்ற கவலை அங்கே இல்லை.

தேறிய பிறகு உடனே சான்றிதழ் வந்துவிடாது. ஐந்து வருட வேலை அனுபவத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு போன்றவற்றுக்காக அதில் மூன்று வருடம் வரை விலக்கு உண்டு. விண்ணப்பிக்க தேறிய நாளிலிருந்து ஐந்து வருட அவகாசம். அனுபவத்தை உறுதி செய்து கொடுக்க பழைய மேலாளர்களின் உதவி தேவைப்படும், அவர்கள் வேலை மாறிப் போயிருப்பார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் அந்தப் பத்து நாளில் அவர்களுக்கு ஒரு மெயில் போட்டு வைத்துவிடுங்கள்.