வெட் பிளேட் கொலோடியன்: வீட்டில் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற ஒட்டும் திரவத்தை ஊற்றி, சில்வர் நைட்ரேட் கரைசல் தொட்டியில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் படமெடுத்து டெவலப் செய்யும் பழைய முறைதான் வெட் பிளேட். இதில் படம் கெட்டுப்போனால் எல்லோரும் முதலில் கெமிக்கலைத்தான் சந்தேகிக்கிறார்கள். புது பாட்டில் வாங்குகிறார்கள், ஃபார்முலாவை மாற்றுகிறார்கள். ஆனால் தொடக்கத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கண்ணாடியைத் துடைத்த விதத்திலும் கை ஊற்றிய விதத்திலும்தான் இருக்கின்றன.

அதற்கு முன் பாதுகாப்பு. கொலோடியனில் உள்ள ஈதர் 34.6 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். சித்திரை வெயிலில் நம் அறைகளே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிப் பக்கத்து அறை கேஸ் அடுப்பையோ சாமி விளக்கையோ தொட்டால் தீப்பிடிக்கும். சூட்டுக்குப் பயந்து வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பது இன்னும் மோசம்: உள்ளிருக்கும் சுவிட்சின் சின்னப் பொறி போதும். சில்வர் நைட்ரேட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், அதனால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அதைத் தொடவே கூடாது. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸராகப் பழைய ஆட்கள் பயன்படுத்திய பொட்டாசியம் சயனைடு வீட்டுக்குள் வரவே வேண்டாம். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரில் இருக்கும் அமிலத்தோடு அது சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) போதும், படம் நன்றாகவே வரும்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் போதாது. கால்சியம் கார்பனேட் தூளை ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து குழைத்துத் தேய்த்து, துடைத்தபின் வாயால் ஊதிப் பாருங்கள். மூச்சின் ஆவி ஒரே சீராகப் படிந்து மறைய வேண்டும். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். விளிம்புகளைச் சாணைக்கல்லில் உரசாமல் விட்டால் கை கிழியும், கழுவும்போது படலமும் உரிந்து வரும்.

கொலோடியனை நடுவில் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைக் கடைசி மூலை வழியாக வடிப்பார்கள். அப்போது பிளேட்டை ஆட்டாமல் பிடித்தால் கோடு கோடாக நிற்கும். வடித்ததும் அவசரப்பட்டு சில்வர் நைட்ரேட் கரைசல் உள்ள சில்வர் தொட்டியில் இறக்கினால் படலம் கழன்றுவிடும், தாமதித்தால் மேல் விளிம்பு காய்ந்துபோகும். வடித்த மூலையை விரலால் தொட்டுப் பாருங்கள்: ரேகை பதிந்து, விரலில் ஒட்டாமல் இருந்தால் அதுதான் நேரம். தொட்டியில் இறக்கும்போது இடையில் நின்றால், நின்ற இடத்தில் ஒரு கோடு விழும்.

பிளேட் ஈரமாக இருக்கும்போதே எல்லாம் முடிய வேண்டும். 1855-ல் கிரிமியப் போரைப் படமெடுக்கப் போன ரோஜர் ஃபென்டன் ஒரு குதிரை வண்டியையே இருட்டறையாக்கிக்கொண்டு போனது இதனால்தான். ஆளை உட்கார வைத்து ஃபோகஸ் பார்த்த பிறகே பிளேட்டைத் தயார் செய்யுங்கள்.

லைட் மீட்டரை அப்படியே நம்புவதும் தவறு. இந்தப் படலத்துக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் எல்இடி வெளிச்சத்தில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. தொடங்குபவர்களுக்கு நல்ல இடம் மொட்டை மாடியில் நேர்வெயில் படாமல் வானம் தெரியும் நிழல்.

அதிகப் படங்கள் வீணாவது டெவலப்பரில். அதை ஒரே இடத்தில் கொட்டினால் அங்கிருக்கும் சில்வர் அடித்துக்கொண்டு போய், அந்த இடத்தில் படம் உருவாகாது. பிளேட்டுக்கு வெளியே வழியவிட்டாலும் அதே கதைதான், ஏனென்றால் படத்தைக் கட்டுவதே மேலே ஒட்டியிருக்கும் அந்த சில்வர்தான். அளவாக எடுத்து, ஒரு விளிம்பு நெடுக ஒரே வீச்சில் ஓடவிடுங்கள். அப்புறம், முகம் முழுசாகத் தெரியட்டும் என்று காத்திருந்தால் மேலே சாம்பல் மூட்டம் படியும். பதினைந்து, இருபது விநாடியில் நடுத்தர நிழல்கள் தலைகாட்டியதும் தண்ணீர் விட்டுவிடுங்கள். கறுப்பு குறையாமல் படம் மங்கலாக இருந்தால் அடுத்த முறை எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள், டெவலப்பர் நேரத்தைத் தொடாதீர்கள்.

ஹைப்போ பட்ட கையுறையோடு சில்வர் தொட்டிப் பக்கம் போகாதீர்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தொட்டியையே சரிசெய்ய வேண்டிவரும். இரண்டுக்கும் தனித்தனி கையுறை, தனித்தனி துணி வைத்துக்கொள்ளுங்கள்.